சருகுக்குள் வாழும் குட்டிச்சாத்தான் சிலந்தி

புரட்டாதி மழைக்கு முன்னர் வயலையும் தோட்டத்தையும் துப்புரவு செய்தல் தீவுப்பகுதிக் கமக்காரரின் முறையாகும். வேலியோரத்துச் சருகு, காய்ந்த பனையோலை, சென்ற போகத்து வைக்கோல் ஆகிய யாவும் ஒருங்கே கூட்டப்பட்டுப் பல இடங்களில் தீயிடப்படுகின்றன. சிறிது நேரத்தில் நிலம் வெளிக்கின்றது. பார்ப்பதற்கும் அழகாக இருக்கின்றது. ஆயினும் அத்தீயில் வெந்தவை சருகும் வைக்கோலும் மாத்திரமல்ல. ஈரச் சருகின் அடியிலே கடுகளவேயான பல உயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுட் சிலந்திகளும் உண்டு. இத்தகைய சிலந்திகளுட் சில, அண்மைக் காலம் வரை உலகில் எவராலும் பெயரிடப்படாதிருந்தவை. சருகைத் தின்னும் நுண்பூச்சிக்கும் நெற்பயிரைக் காக்கும் சிலந்திக்கும் நேரான தொடர்பு உண்டு என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. இவ்விரண்டையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

2018 ஆம் ஆண்டில், கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகத்தைச் சேர்ந்த சசங்கா ரணசிங்க, சுரேஷ் பெஞ்சமின் ஆகிய இருவரும் இலங்கைக் காடுகளின் சருகுப் படையிலிருந்து எடுத்த சிலந்திகளை ஆராய்ந்து, அவற்றுட் பல புதிய இனங்கள் எனக் கண்டு விவரித்து வெளியிட்டனர். இவை ஊனோபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் இக்குடும்பத்துச் சிலந்திகளைக் குட்டிச்சாத்தான் எனப் பொருள்படும் பெயராலே அழைப்பர். அதற்கேற்ப, புதிய இனங்கள் ஆறுக்கு எனிட் பிளைட்டன் அம்மையாரின் சிறுவர் கதைகளில் வரும் குட்டிச்சாத்தான்களின் பெயர்களையே ஆய்வாளர் இட்டனர். பொம், சிப்பி, ஸ்னூக்கி, டம்பி, ஸ்னிப்பி, டிக்கி என்பன அப்பெயர்கள். நுணுக்குக்காட்டியிற் கண்ணைப் புதைத்து மாதக்கணக்காக உழைப்போர்க்கும் விளையாட்டுப் புத்தி உண்டு போலும்.

இச்சிலந்திகளின் உடல் நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையே ஆகும். ஒரு நெல்மணியின் நீளத்தில் இரண்டு மூன்றை வரிசையாக நிறுத்திவிடலாம். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் உண்டு. குட்டிச்சாத்தான் சிலந்திகளுக்குப் பெரும்பாலும் ஆறே கண்கள், அவையும் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்துள்ளன. பல இனங்களில் வயிற்றின் மேலும் கீழும் கடினமான தகடுகள் கவசம்போல் மூடியிருக்கும். இவை வலை பின்னிக் காத்திருப்பவை அல்ல. சருகின் இடுக்குகளில் ஊர்ந்து திரிந்து, தம்மிலும் சிறிய பூச்சிகளைப் பிடித்துண்பவை. அந்த ஆய்வு வெளியான காலத்தில் இலங்கையில் 13 சாதிகளைச் சேர்ந்த 45 குட்டிச்சாத்தான் சிலந்தி இனங்கள் அறியப்பட்டிருந்தன. சிறியதொரு நாட்டுக்கு இது பெருந்தொகையாகும். இவற்றுட் சில, ஒரேயொரு காட்டுத் துண்டிலன்றி வேறெங்கும் காணப்பட்டதில்லை. அக்காடு அழியுமாயின் அவ்வினமும் அத்துடன் முடிந்துவிடும்.

சிலந்திகளுக்கு முறையாகப் பெயரிடும் வழக்கம் பழையது. சுவீடன் தேசத்தவராகிய கார்ல் கிளார்க் 1757 ஆம் ஆண்டிலேயே தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி நூல் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் இயூஜின் சிமோன் 1892 ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் இலங்கைக்கு வந்து சிலந்திகளைத் திரட்டி, மறு ஆண்டில் அவற்றை விவரித்தார். 2022 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் உலகச் சிலந்திப் பட்டியலில் 50,000 ஆவது இனம் பதிவாயிற்று. அதன் பின்னரும் புதியன வந்தவண்ணமே உள்ளன.

வடபகுதிக்கும் இதிற் பங்குண்டு. 2009 ஆம் ஆண்டில் மாங்குளத்தில் ஊரவர் ஒரு பெரிய சிலந்தியைக் கொன்று கொணர்ந்து ஆய்வாளரிடம் காட்டினர். ரணில் நாணயக்கார தலைமையிலான குழுவினர் அப்பகுதியின் முதுமரங்களிலே தேடி மேலும் சிலவற்றைக் கண்டனர். பழைய கட்டடமொன்றினுள்ளும் அது காணப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் அது புதிய இனமென விவரிக்கப்பட்டு, தேடலுக்குத் துணைநின்ற பொலிஸ் அதிகாரி மைக்கல் ராஜகுமார் புராஜா அவர்களின் நினைவாகப் பெசிலோதேரியா ராஜேயி எனப் பெயர் பெற்றது. கால்களை விரித்தால் ஏறக்குறைய எட்டு அங்குலம் வரும். ஊரார் புலிமுகச் சிலந்தி என்று அஞ்சும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. அவ்வளவு பெரிய உயிரே 2009 வரை ஆய்வாளர் கண்ணிற் படாதிருந்ததெனின், கடுகளவானவை மறைந்திருத்தலில் வியப்பில்லை.

புது இனம் என்பது எங்ஙனம் அறியப்படுகின்றது?

சருகிலிருந்து சிலந்தியைப் பிரித்தெடுத்தலே முதல் வேலை. ஒருபிடி சருகை அரிதட்டில் இட்டு வெள்ளைத் துணியின்மேல் அரித்தால், தூளோடு தூளாக விழும் உயிர்கள் ஓடத் தொடங்கும். அவற்றை நுனி ஈரமான தூரிகையால் ஒற்றி எடுப்பர். இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லேசே 1905 ஆம் ஆண்டில் அமைத்த புனல் முறையும் உண்டு. வலைத்தட்டு ஒன்றில் சருகைப் பரப்பி, அதனடியில் ஒரு பெரிய புனலையும், புனலின் கீழே மதுசாரம் கொண்ட போத்தலையும் வைத்து, மேலிருந்து சூடு படச் செய்வர். இன்று இதற்கு மின்குமிழே உதவுகின்றது. சருகு காயக் காய, ஈரத்தை நாடும் உயிர்கள் கீழ்நோக்கி இறங்கிப் போத்தலுள் விழும். உப்புக் காற்றும் வெயிலும் மிக்க தீவுகளில் இவ்வுயிர்கள் ஏன் சருகை விட்டு வெளிவருவதில்லை என்பதை இப்புனலே நன்கு விளக்கிவிடுகின்றது.

போத்தலுக்குள் ஒரு சிறு சீட்டு இடப்படும். அகப்பட்ட இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியன அதிற் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். பேனா மை மதுசாரத்திற் கரைந்துவிடும். அச்சீட்டு இல்லாத சிலந்தி ஆய்வுக்குப் பெரிதும் பயன்படாது.

அடுத்து நுணுக்குக்காட்டி. நிறத்தையும் பருமனையும் கொண்டு சிலந்தியின் இனத்தைத் துணிய முடியாது. ஒரே இனத்தில் நிறம் மாறும், பருமனும் மாறும். ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு சிறு கைகள் போன்ற உறுப்புகள் உள்ளன. முதிர்ந்த ஆணில் அவற்றின் நுனி குமிழ்போல் வீங்கியிருக்கும். விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பது அவ்வுறுப்பே. அதன் வளைவும் முள்ளும் மடிப்பும் இனத்துக்கு இனம் வேறாக இருப்பதால், பூட்டுக்குத் திறப்புப்போல அதுவே இனத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. பெண்ணிலும் அதற்கேற்ற உறுப்பே பார்க்கப்படும். முதிராத குஞ்சுகளைக் கொண்டு பெயரிடுதல் அரிது. மில்லிமீற்றர் அளவான உடலில், அதன் பத்திலொரு பங்கான உறுப்பைப் பார்த்து வரைய வேண்டியிருப்பதால், இலத்திரன் நுணுக்குக்காட்டியும் இன்று பயன்படுகின்றது.

பின்னர், முன்பு பெயரிடப்பட்ட அயல் இனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிடுதல் வேண்டும். நூறாண்டுக்கு முன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட விவரமாயினும் தேடிப் படிக்க வேண்டும்; அக்காலத்து மாதிரி உடல் வெளிநாட்டு அரும்பொருட் காட்சிச்சாலையில் இருந்தால் அதையும் வரவழைத்துப் பார்ப்பர். எதனோடும் ஒவ்வாதபோதே அது புது இனம் எனத் துணிவர். அதற்கு இரு சொற் பெயரிட்டு, அளவும் படமும் வேறுபாடும் எழுதி வெளியிட்டு, மூலமாதிரி எனப்படும் ஓர் உடலை என்றும் பார்க்கத்தக்கதாய்ச் சேமித்து வைப்பர். களத்தில் ஒரு நாளில் அகப்பட்ட சிலந்தி பெயர் பெறுவதற்குச் சில ஆண்டுகளும் செல்லக்கூடும். மாங்குளத்துச் சிலந்திக்கு மூன்று ஆண்டுகள் சென்றன.

வயலுக்கு இதனால் யாது பயன்?

கமக்காரர் இவ்வாறு வினவுவது நியாயமே. குட்டிச்சாத்தான் சிலந்தி காட்டுச் சருகில் வாழ்வது. நெல்வயலிற் கபிலநிறத் தத்தியைப் பிடிக்கும் சிலந்தி அதுவன்று. புதிதாக ஓர் உயிர் கண்டுபிடிக்கப்பட்டவுடன் அதனால் விளைச்சல் பெருகும் என்று சொல்லிவிடுதல் முறையாகாது. ஆனால் அது சருகில் எதை உண்டு வாழ்கின்றதோ, அதே வகை உணவே வயற் சிலந்தியையும் வாழவைக்கின்றது.

நெல்வயலிற் சிலந்திகள் பல. குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் உள்ள நீர்ப்பாய்ச்சல் வயல்களில் சன்ன பம்பரதெனிய, ஜயந்தி எதிரிசிங்க ஆகியோர் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில், 282 பூச்சி இனங்களோடு சிலந்தி வகுப்பைச் சேர்ந்த 60 இனங்களும் பதிவாயின. பயிரின் அடியில் நீர்மட்டத்தருகே ஓடித்திரிவது ஓநாய்ச் சிலந்தி. பெண் சிலந்தி முட்டைப் பையைப் பின்புறத்திற் கட்டிச் செல்லும். குஞ்சுகள் பொரித்ததும் அவற்றை முதுகிற் சுமக்கும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987 இல் வெளியிட்ட கைந்நூலின்படி, ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான இரைகளைக் கொல்லும். அதே பயிரடியில் குள்ளச் சிலந்தி ஒன்றும் உண்டு. குட்டிச்சாத்தானைப் போலவே மிகச் சிறியதாகையால் பெரும்பாலோர் அதனைக் குஞ்சு என்றே எண்ணிவிடுவர். அதுவோ நாளுக்கு நான்கைந்து தத்திக் குஞ்சுகளைத் தின்பது. இலைகளின்மேல் தாவித்திரியும் கூர்முட்காற் சிலந்தி அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். இலைச்சுருட்டியின் தாய் அந்தும் அதிற் சேரும். நெடுந்தாடைச் சிலந்தி பயிர் நுனிகளுக்கிடையே வலை கட்டும்.

பயிர் முளைத்துச் சில வாரங்கள் வரை வயலில் தத்தியோ அந்தோ மிகுதியாய் இருப்பதில்லை. அப்பொழுது இச்சிலந்திகள் எதைத் தின்று உயிர்வாழ்கின்றன? இவ்வினாவுக்கு விடை ஜாவாத் தீவில் நடந்த ஆய்வொன்றிற் கிடைத்து 1996 இல் வெளியாயிற்று. மக்கிய இலையையும் எருவையும் தின்னும் நுண்பூச்சிகளும், நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துண்ணும் சிறு கொசுவினங்களும் பயிரின் இளமைக் காலத்தில் வயலில் ஏராளமாகப் பெருகுகின்றன. அவை பயிருக்குத் தீங்கு செய்வதில்லை. அவற்றைத் தின்றே சிலந்திகள் முன்கூட்டிப் பெருகுகின்றன. பின்னர் தத்தி வரும்பொழுது காவல் ஏற்கெனவே நிற்கின்றது. சேதனப் பசளை கூடுதலாக இடப்பட்ட துண்டு நிலங்களில் இந்நுண்பூச்சிகளும் மிகுந்தன, அவற்றைத் தின்னும் உயிர்களும் மிகுந்தன.

யாழ்ப்பாணத்து முன்னோர் பூவரசங் குழையை வெட்டி வயலிலும் தோட்டத்திலும் தாழ்த்தியதும், ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்ததும் மண்வளத்துக்கென்றே. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண்படை கொண்ட தீவுகளில் அதுவன்றி வேறு வழியும் இருக்கவில்லை. ஆயினும் அக்குழையும் எருவும் சிலந்திக்குச் சோறிட்டன என்பதையும் அறிதல் வேண்டும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகிய இடங்களில் மாரி மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்வோர் இன்றும் இவ்வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் நன்று.

மருந்தடித்தலின் தீங்கு இங்கேதான் விளங்கும். பயிர் இளமையாய் இருக்கையில் இலையிற் சிறு கடி கண்டவுடன் பூச்சிநாசினி தெளித்தால், முதலில் மடிவது வெளியே ஓடித்திரியும் சிலந்தியே. பைரித்திரொயிட் இன மருந்துகள் சிலந்திக்கு மிகக் கொடியவை. கபிலநிறத் தத்தியோ தன் முட்டைகளை இலைமடலின் தசைக்குள் செருகி வைக்கின்றது. மருந்து அங்கே எட்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் அவை பொரிக்கும்பொழுது, வயலிற் காவலன் ஒருவனும் இல்லை. பெண் தத்தி ஒன்று நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுவதால், இரண்டொரு தலைமுறையில் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து எரிந்ததுபோலாகும். இந்தோனேசியாவில் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் இவ்வாறே பெருஞ்சேதம் மூண்டது. அந்நாட்டரசு 1986 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது எனத் தடை செய்தது. மருந்துக்கான மானியத்தையும் பின்னர் நிறுத்தியது. மருந்து குறைந்தமையால் நெல் விளைச்சல் குறைந்துவிடவில்லை.

தீவுப்பகுதிக்கு இதில் மேலும் ஒரு கேடு உண்டு. இங்கே நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையேயாகும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாகத் தோட்டத்தில் ஊற்றியது கிணற்றுக்கு இறங்குவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. இறைப்பதும் குடிப்பதும் அதே கிணறு.

எனினும் மருந்தே கூடாதென்பது பொருளன்று. தண்டினுள் புகுந்துவிட்ட தண்டு துளைப்பான் புழுவைச் சிலந்தியால் ஒன்றும் செய்ய இயலாது. தத்தி அளவுமீறினாலும் மருந்து வேண்டியிருக்கும். அளவு எதுவென்பதற்குத் தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் கணக்கு பயனுள்ளது. சிலந்தி இல்லாத வயலில் மட்டம் ஒன்றுக்கு ஒரு தத்தி கண்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். பயிர்ப்பற்றை ஒன்றுக்கு ஒரு சிலந்தி வீதம் இருப்பின், மட்டம் ஒன்றுக்கு இரண்டு தத்திகள் வரும்வரை பொறுக்கலாம். இது நாற்று நட்ட வயலுக்கு அமைந்த கணக்கு. விதைப்பு வயலில் ஒரு கைப்பிடி அளவான பயிரைப் பற்றை என்று கொண்டு, வயலின் நடுவிலும் ஓரங்களிலுமாகப் பல இடங்களிற் பார்த்து மதிப்பிடலாம். ஒரு மூலையைப் பார்த்துவிட்டு முழு வயலுக்கும் மருந்து வாங்கச் செல்லுதல் வீண்செலவு.

தோட்டப் பயிர்களிலும் சிலந்திக்கு வேலை உண்டு. கத்தரி, பயிற்றை, வெண்டி ஆகியவற்றின் பூக்களிலும் இலைகளிலும் நண்டுச் சிலந்தியும் பாய்ச்சற் சிலந்தியும் காணப்படும். அவை இடைக்கிடை தேனீயையும் பிடிப்பதுண்டு. அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. மிளகாய்க் கன்றுகளின் இடையே சருகையும் வைக்கோலையும் மூடாக்காகப் பரப்பினால் இறைத்த நீர் விரைவில் வற்றாது. ஓடித்திரியும் சிலந்திகளும் பகல் வெயிலுக்கு அதனடியில் ஒதுங்கும். நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களைப் போன்றவையும் ஒருவகையில் இத்தகைய ஒதுக்கிடங்களே. நெல்வயலின் வரம்பிற் புல்லை அடியோடு செருக்காமலும், எல்லா வரம்புகளையும் ஒரே நாளில் எரிக்காமலும் விடுதல் நன்று. சீனாவிலும் இந்தியாவிலும் வைக்கோலைச் சிறு கட்டுகளாக்கி வயலில் ஆங்காங்கு நிறுத்திச் சிலந்திகளுக்குத் தங்குமிடம் அமைக்கும் முறை உண்டு. செலவில்லாத வேலையாதலால் செய்து பார்க்கத்தக்கது.

ஆனால் சருகென்றால் எல்லாச் சருகும் ஒன்றல்ல. வாடல் நோய் கண்ட கத்தரியையும், அழுகிய வெங்காயத் தாளையும் தோட்டத்தில் விட்டுவைத்தல் ஆகாது. அவற்றை எரிப்பதே தக்கது. தண்டு துளைப்பான் கண்ட வயலின் அடிக்கட்டையை உழுது புரட்டிவிட வேண்டும். வீட்டு வாசலுக்கு அண்மையிற் சருகுக் குவியல் வைத்தால் புடையன் பாம்பு வந்து ஒதுங்கும். ஆகவே குவியல் தோட்டத்தின் ஒதுக்கான கோடியில், பசளைக் கிடங்காக இருக்கட்டும்.

சிலந்தியின் எச்சில் பட்டுக் கொப்புளம் போட்டது என்று சொல்லிச் சிலந்தியைக் கண்ட இடத்தில் நசுக்குவோர் உளர். வயலில் வேலை செய்வோர்க்குத் தோன்றும் இத்தகைய எரிகொப்புளங்கள் சிலவற்றுக்குக் காரணம் வேறொரு பூச்சியாகும். செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த, எறும்புபோல் நீண்ட பிடேரஸ் என்னும் சிறு வண்டு தோலின்மேல் நசுங்கினால் அதன் உடற்சாறு பட்டுத் தோல் வெந்துவிடும். அவ்வண்டும் தத்தியைத் தின்னும் நட்புயிரே. மேலே ஊர்ந்தால் நசுக்காது ஊதிவிட்டு, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் போதும். மேற்கூறிய சிறு வயற் சிலந்திகளால் மனிதருக்கு அஞ்சத்தக்க தீங்கில்லை. புலிமுகச் சிலந்தியை மாத்திரம் கையால் தொடாது விடுக; அதன் கடி மிக்க வலி தருவது.

வயலிற் காவல் எவ்வளவு உண்டென்று அறிய எளிய வழி ஒன்று உளது. பயிர் ஒரு சாண் உயர்ந்தபின், இருட்டிய வேளையில் வரம்பில் நின்று, ரோச் விளக்கைக் கண்ணின் உயரத்திற் பிடித்துப் பயிரடியை நோக்கி ஒளியைச் செலுத்துக. ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் அவ்வொளியைத் திருப்பி எறியும். தரையிற் சிறு பச்சைப் பொட்டுகளாக அவை மின்னும். பனித்துளியும் மின்னுமாயினும், அது வெண்மையாய் அசையாது நிற்கும். சிலந்தியின் பொட்டோ கிட்டப் போனதும் ஓடும். பத்து அடி நடக்கையில் எத்தனை பொட்டுகள் கண்டன என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வைத்து, அடுத்த வாரமும் அதே வரம்பில், அதே நேரத்திற் சென்று எண்ணுக.